லேடெக்கின் வாயை எவ்வளவு மூடலாம்?

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் போகும் சாலைகளில் பொறியியல் கல்லூரிப் பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை. இறுதியாண்டு மாணவர்கள் மாநாட்டுக்குக் கட்டுரை எழுதும் பருவம் வந்துவிட்டால், அதுவரை வேர்டில் பழகிய கைகள் லேடெக்குக்கு மாறுகின்றன. சமன்பாடு, மேற்கோள் எண், படத்தின் இடம் எல்லாவற்றையும் அந்த மென்பொருள் தானே அடுக்கிக் கொடுக்கும். டெர்மினலில் கட்டளையைத் தட்டியதும் திரை ஓடத் தொடங்குகிறது. பதிப்பு எண், திறந்த ஒவ்வொரு கோப்பின் முழு முகவரி, திறந்து மூடும் அடைப்புக்குறிகள், 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்', 'அண்டர்ஃபுல் எச்பாக்ஸ்', எழுத்துருப் பெயர்கள், பக்க எண்கள். கடைசியில், பிடிஎஃப் தயார், இத்தனை பக்கம், இத்தனை பைட் என்று ஒரு வரி.

மாணவர் படிப்பது அந்தக் கடைசி வரியை மட்டும்தான். மேலே எங்கோ, 'இந்த மேற்கோள் எண்ணுக்கு உரிய நூல் கிடைக்கவில்லை' என்று லேடெக் சொல்லியிருக்கும். தாளில் அந்த இடத்தில் கேள்விக்குறி விழுந்திருக்கும். அதை வழிகாட்டிப் பேராசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்ட பிறகே மாணவருக்குத் தெரியவரும்.

இந்த இரைச்சலைக் குறைக்க வழி உண்டா என்றால், ஐந்தாறு வழிகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாயை மூடுகிறது. எதை மூடுகிறோம் என்று தெரியாமல் மூடினால், தேவையில்லாத பேச்சோடு தேவையான எச்சரிக்கையும் சேர்ந்து போய்விடும்.

லேடெக்கின் அடியில் ஓடும் இயந்திரம் டெக். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணினி அறிஞர் டொனால்டு குனூத் தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப் படிகளின் தரம் பிடிக்காமல், 1977-இல் இந்த வேலையில் இறங்கினார். 1982-இல் அதை முழுவதும் திருப்பி எழுதினார். அன்றைய கணினியில் ஒரு பக்கம் தயாராவதே பொறுமையைச் சோதிக்கும் வேலை. பக்கம் முடிந்ததும் திரையில் ஓர் எண் விழுந்தால்தான், நிரல் உயிரோடு இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பவருக்கு நிம்மதி. இன்று இருபது பக்கக் கட்டுரை சில நொடிகளில் முடிந்துவிடுகிறது, பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அதை மாற்றச் சொல்லிக் குனூத்திடம் போகவும் முடியாது. 1990-இல் வந்த மூன்றாம் பதிப்போடு புதிய வசதிகளை நிறுத்திவிட்டார். பிழை திருத்தும்போதெல்லாம் பதிப்பு எண்ணில் பையின் மதிப்பிலிருந்து ஓர் இலக்கம் கூடும், அவ்வளவுதான். 2021-இல் அது 3.141592653 ஆனது.

இதற்கு நேர் எதிரான பழக்கம் யூனிக்ஸில் வளர்ந்தது. கோப்பைப் படியெடுக்கும் கட்டளை, வேலை சரியாக முடிந்தால் ஒரு வார்த்தை பேசாது. யூனிக்ஸை எழுதியவர்கள் பயன்படுத்திய டெலிடைப் 33 நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் காகிதத்தில் அடித்தது. எண்பது எழுத்தை அடிக்க எட்டு நொடி! 'வேலை முடிந்தது ஐயா' என்று சொல்லக்கூட நேரம் போதாத காலம். அந்தச் சிக்கனம் கருவி மாறிய பிறகும் ஒழுக்கமாக நிலைத்துவிட்டது.

அதே யூனிக்ஸில், பிழைச் செய்திக்கென்று தனி வாய்க்கால் பிறந்ததும் அச்சுக்கோப்பு வேலையில்தான். பெல் ஆய்வகத்தில் எழுபதுகளில் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் ஒன்று இருந்தது. அதிலிருந்து வரும் ஒளிப்படத் தாளை நாற்றமடிக்கும் ரசாயனக் கருவிக்குள் விட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒருநாள் பிற்பகல் பலருக்கும் ஒரே அனுபவம்: தாள் வெளியே வந்தது, அதில் அழகான எழுத்துருவில் ஒரே ஒரு வரி, கோப்பைத் திறக்க முடியவில்லை என்று. விளைவும் பிழையும் ஒரே வாய்க்காலில் போனதால் பிழைச் செய்தியே அச்சுக்குப் போய்விட்டது. முணுமுணுப்பு பெரிதாகி, அடுத்த சில நாட்களில் பிழைகளுக்கு மட்டும் இரண்டாவது வாய்க்கால் வெட்டினார்கள். இன்று உங்கள் லினக்ஸில் இருக்கும் 'ஸ்டாண்டர்டு எரர்' அதுதான்.

டெக்கிடம் அந்தப் பிரிவினை இல்லை. யூனிக்ஸுக்கு வெளியே பிறந்து, 1982-இல் பாஸ்கல் மொழியில் திருப்பி எழுதப்பட்ட நிரல் அது. பக்க எண், கோப்புப் பெயர், எச்சரிக்கை, உயிர்போகும் பிழை, எல்லாமே ஒரே வாய்க்காலில்தான் வருகின்றன. அதனால்தான் இணையத்தில் அகப்படும் முதல் யோசனையான, வெளியீட்டை மொத்தமாக 'நல்' என்னும் பாழுங்கிணற்றில் தள்ளுவது, லேடெக்குக்குச் சரிப்படாது. பிழை வந்ததும் டெக் நின்று ஒரு கேள்விக்குறி போட்டு உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும். கேள்வியும் கிணற்றுக்குள் போய்விட்டதால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அது உங்களுக்காகக் காத்திருக்கும், நீங்கள் அதற்காகக் காத்திருப்பீர்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டே டீக்கடைக்குப் போய்வருபவர்களில் சிலருடைய கதை இதுதான்.

சரியான வழி டெக்கின் உள்ளேயே இருக்கிறது. அது நான்கு மனநிலைகளில் வேலை செய்யும். பிழைக்குப் பிழை நிற்பது 'எரர்ஸ்டாப்', இயல்பான நிலை. 'ஸ்க்ரோல்' சாதாரணப் பிழைகளைச் சொல்லிவிட்டு நகரும், கோப்பு காணாவிட்டால் மட்டும் நின்று கேட்கும். 'நான்ஸ்டாப்' எதற்கும் நின்று கேட்காது. பலர் இதைப் போட்டுவிட்டு 'இன்னும் அதே இரைச்சல்தானே' என்கிறார்கள். நான்ஸ்டாப் கேள்வியைத்தான் நிறுத்துகிறது, பேச்சை அல்ல. பேச்சை நிறுத்துவது நான்காவதான 'பேட்ச்'. அதைப் போட்டால் தொடக்க வரியைத் தவிரத் திரையில் ஏறக்குறைய ஒன்றும் வராது. கட்டளையில் இன்டராக்ஷன் என்ற தெரிவுக்கு பேட்ச்மோட் என்று மதிப்புக் கொடுத்தால் போதும். மறந்துபோய் ஓடவிட்டுவிட்டீர்களா? கேள்விக்குறி வரும் இடத்தில் 'க்யூ' எழுத்தைத் தட்டினாலும் அதே நிலைக்குப் போய்விடும். இத்தனை மௌனத்திலும் டெக்குக்குச் சுயமரியாதை உண்டு: ஒரே பாராவுக்குள் நூறு பிழை சேர்ந்தால், பிழைக்கு நிற்காமல் ஓடும் மற்ற மூன்று மனநிலைகளில் எதில் இருந்தாலும் போதும் என்று வேலையை நிறுத்திவிடும்.

இந்த மௌன நிலை மாணவர்களுக்காக ஏற்பட்டதல்ல. சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டும் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. உலக டெக் பயனர் குழுவின் 2002-ஆம் ஆண்டு மாநாடே திருவனந்தபுரத்தில் நடந்தது. கட்டுக் கட்டாகக் கட்டுரைகள் வரும் இடத்தில், ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. நிரல் தானே ஓடி முடித்து, தேறியதா தவறியதா என்று ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். பேட்ச் நிலையிலும் டெக் அதைத் தருகிறது, பிழையில்லாவிட்டால் சுழி, இருந்தால் ஒன்று.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிப் பட்டறைக்குள் நுழைந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்தச் சத்தத்தில் நூல் அறுவது யார் காதிலும் விழாது. அதற்காகத்தான் ஊடை நூலைத் தொட்டுப் பார்க்கும் சின்ன முள் ஒன்று தறியில் இருக்கிறது. நூல் இல்லையென்றால் அது தறியை நிறுத்திவிடும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த ஜி வகைத் தறி, பாவு இழை அறுந்தாலும் நின்றது. லேடெக்கில் இந்த முள்ளுக்குச் சமமானது 'ஹால்ட் ஆன் எரர்' என்ற தெரிவு. முதல் பிழையிலேயே வேலையை நிறுத்தும். பேட்ச் நிலையோடு இதையும் சேர்த்துப் போடுவதே என் பரிந்துரை.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், ஓடுகிற திரையைப் பார்க்காமல் விட்டால் போகிறது என்று கேட்கலாம். 1948-இல் க்ளாட் ஷானன் தகவலை அளக்கும் கணக்கைத் தந்தார். ஒரு செய்தி எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவு தகவல் அதில் இருக்கிறது. 1024 முறைக்கு ஒருமுறை வரும் செய்தியில் 10 பிட், இரண்டுக்கு ஒருமுறை வருவதில் 1 பிட், தவறாமல் வருவதில் சுழி. எழுத்துருக் கோப்பைத் திறந்தேன் என்று ஒவ்வொரு முறையும் வரும் வரியில் தகவல் சுழி. அந்தச் சுழிகளின் நடுவே பத்து பிட் கனமுள்ள ஒரு வரி வந்தால், பழகிப்போன கண் அதையும் சுழியாகவே எண்ணித் தாண்டிவிடும். 1979 மார்ச் 28 அதிகாலையில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நடந்தது இதன் பயங்கர வடிவம். முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கை மணிகளும் விளக்குகளும் ஒன்றாக இயங்கின. முக்கியமில்லாதவற்றை மட்டும் அடக்க வழியே இல்லை. எச்சரிக்கைகளை அச்சடிக்கும் கருவி நிகழ்வுகளுக்கு 2 மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியது. கட்டுரையில் அணு உலை உருகாது என்பது உண்மைதான், கவனம் மழுங்கும் விதம் மட்டும் ஒன்றே.

இனி, இரைச்சலில் பெரும்பங்கு வகிக்கும் 'ஓவர்ஃபுல்', 'அண்டர்ஃபுல்' செய்திகளுக்கு வருவோம். இங்கேதான் சுவையான கணக்கு இருக்கிறது. டெக்கின் அளவுகோலில் ஒரு பாயிண்ட் என்பது ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர். ஒரு வரி ஓரத்தைத் தாண்டி 0.1 பாயிண்டுக்கு மேல் நீண்டால் டெக் புகார் செய்யும். அதாவது 0.035 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு! எந்தத் தேர்வாளரும் அளவுகோல் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 'எச்ஃபஸ்' என்ற அளவை 0.1-லிருந்து ஒரு பாயிண்டாக உயர்த்துங்கள். அற்பப் புகார்கள் ஓய்ந்து, கண்ணுக்குத் தெரியும் மீறல்கள் மட்டும் மிஞ்சும். ஒரேயடியாக நூறு பாயிண்டுக்கு உயர்த்துகிறவர்களும் உண்டு. அவர்களுடைய சமன்பாடு பக்கத்து விளிம்பில் போய் முட்டி நிற்கும்போதும் திரை அமைதியாகத்தான் இருக்கும்.

அண்டர்ஃபுல் என்பது வரியில் சொற்கள் போதாமல் இடைவெளி பல்லிளிப்பது. இடைவெளி எவ்வளவு நீளலாம் என்று எழுத்துரு ஓர் அளவு சொல்லும். முழுதும் நீண்டால் 'பேட்னஸ்' மதிப்பு 100. அந்த அளவைப் போல் இருமடங்கு நீண்டால் 200 அல்ல, 800, மும்மடங்கானால் 2700. கணக்கு கனத்தில் ஏறுகிறது, 10,000 உச்சவரம்பு. குனூத்தும் அவருடைய மாணவர் மைக்கேல் பிளாசும் 1981-இல் வெளியிட்ட முறைப்படி, டெக் வரிக்கு வரி முடிவெடுப்பதில்லை. பாரா முழுவதையும் பார்த்து, மொத்தத்தில் பழுது குறைவான முறிப்புகளைத் தேர்ந்தெடுக்கிறது. பேட்னஸ் 1000-ஐத் தாண்டிய வரிகளையே அது திரையில் சொல்லும். மாநாட்டுக் கட்டுரைகளின் இரட்டைப் பத்தி குறுகலானது, வரிக்கு ஏழெட்டுச் சொற்களே கொள்ளும். அங்கே இந்தச் செய்தி கொட்டுவது இயல்பு. 'எச்பேட்னஸ்' எல்லையை 10,000-க்கு உயர்த்தினால் அண்டர்ஃபுல் முழுதும் ஓய்ந்துவிடும். இந்த ஒன்றை மட்டும் நான் தாராளமாக அனுமதிப்பேன், ஏனென்றால் பல்லிளிக்கும் வரி கண்ணுக்கே தெரியும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஓவர்ஃபுல் இன்னும் பெரிய தொல்லை. புணர்ந்து நீளும் நம் சொற்களை எங்கே முறிப்பது என்று டெக்குக்குத் தெரியாவிட்டால், பாராவுக்குச் சில வரிகளாவது விளிம்பைத் தாண்டும். இதற்கு எச்சரிக்கையை அடக்குவது மருந்தல்ல. சீடெக் அல்லது லுவாடெக் இயந்திரத்தில், பாலிகிளாசியா தொகுப்பில் ஆவணத்தின் மொழி தமிழ் என்று அறிவித்துவிட்டாலே, சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்காக எழுதிக்கொடுத்த சொல்முறிப்பு விதிகளில் தமிழுக்கானவை வேலைக்கு வந்துவிடும். அதன் பிறகும் மிஞ்சும் வரிகளுக்கு 'எமர்ஜென்சி ஸ்ட்ரெச்' என்ற அளவைக் கொஞ்சம் கொடுத்தால், டெக் இடைவெளிகளைத் தளர்த்தி மூன்றாம் முறை முயன்று பார்க்கும். நோய் தீர்ந்தால் புலம்பல் தானே நிற்கும்.

குறிப்பிட்ட எச்சரிக்கை ஒன்றை மட்டும் அடக்க, பால் இசாம்பேர் எழுதிய 'சைலன்ஸ்' தொகுப்பு இருக்கிறது. எந்தத் தொகுப்பின் எந்த வாசகம் என்று சொல்லி வடிகட்டலாம். லேடெக்கின் எச்சரிக்கைகள் அதற்குக் கட்டுப்படும், டெக் நேரடியாகச் சொல்லும் ஓவர்ஃபுல் கட்டுப்படாது. வெளியிலிருந்து வடிகட்ட 'டெக்ஸ்ஃபாட்' உண்டு, டெக் லைவ் தொகுப்பைப் பராமரிக்கும் கார்ல் பெரி எழுதியது. கட்டளைக்கு முன்னால் அதன் பெயரைப் போட்டால் கவனிக்க வேண்டிய வரிகளை மட்டும் திரைக்கு விடும். இயற்பியலாளர் ஜான் காலின்ஸின் 'லேடெக்எம்கே' மேற்கோள் எண்கள் நிலைபெறும் வரை தானே திரும்பத் திரும்ப ஓட்டும். அதற்கு 'சைலன்ட்' என்ற தெரிவு கொடுத்தால் பேட்ச் நிலையில் ஓட்டி, தீராத மேற்கோள்களைக் கடைசியில் தொகுத்துச் சொல்லும். மாணவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

தாமே வடிகட்டி எழுதுபவர்களுக்கு ஒரு தமிழ்ச் சிக்கல் காத்திருக்கிறது. டெக் தன் வரிகளை 79-ஆவது இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். பைட் கணக்கில் எண்ணும் இயந்திரங்களில், 'ஆய்வேடு' என்று கோப்புறைக்குப் பெயர் வைத்தால் கண்ணுக்கு நான்கே எழுத்து, யூடிஎஃப் 8 குறியீட்டில் 21 பைட். வெட்டு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழலாம். பிறகு அந்த வரியைத் தேடினாலும் அகப்படாது. 'மேக்ஸ் பிரிண்ட் லைன்' என்ற அமைப்பை ஆயிரம்போல ஒரு பெரிய எண்ணாக்கிவிட்டால் வெட்டு நின்றுவிடும்.

இத்தனை வழிகளிலும் திரை அமைதியாகிறது, ஆனால் பேட்ச் நிலையில்கூட டெக் எல்லாவற்றையும் தன் பதிவேடான லாக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறது. பலரும் அதைக் குப்பை என்று ஒவ்வொரு முறையும் அழிக்கிறார்கள். நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த கணித மேதை ராமானுஜன், காகித விலை கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். அந்த நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன, பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை. 1920-இல் அவர் மறைந்த பிறகு கணித அறிஞர்கள் வாட்சனும் வில்சனும் அவற்றை நிரூபிக்க முயன்று பாதியில் நின்றார்கள். புரூஸ் பெர்ன்ட் ஐந்து பாகங்களாக அவற்றுக்கு நிரூபணம் சேர்த்து வெளியிட்டு முடிக்க 1998 ஆயிற்று. ராமானுஜனுக்கு வேறு வழியில்லை. சில நூறு கிலோபைட் இடத்துக்காக லாக் கோப்பை அழிப்பவர்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

லாக் கோப்பில் மட்டுமே தெரியக்கூடிய பிழை ஒன்றும் உண்டு. ஆங்கில ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரி தமிழ் சேர்க்கிறீர்கள், எழுத்துருவில் தமிழ் இல்லை. சீடெக்கும் லுவாடெக்கும் அதைப் பிழையாகக் கொள்வதில்லை. தாளில் அந்த இடம் காலியாகக் கிடக்கலாம், 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்று ஒரு குறிப்பு போகும். 'டிரேசிங் லாஸ்ட் கேரக்டர்ஸ்' என்ற அமைப்பு 1 என்றால் அந்தக் குறிப்பு லாக் கோப்புக்கு மட்டும், 2 என்றால் திரைக்கும் வரும், 2021 முதல் வரும் இயந்திரங்களில் 3 என்றால் பிழையாகவே நிற்கும். தமிழ் கலந்து எழுதுபவர்கள் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி மாதக்கணக்கில் திரையை அமைதியாக வைத்து வேலை செய்யலாம். பைண்டிங்குக்கு அனுப்பும் நாளில் மட்டும் எச்ஃபஸ்ஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து ஒருமுறை ஓடவிட்டு, லாக் கோப்பைத் திறந்து 'மிஸ்ஸிங்', 'அன்டிஃபைன்ட்', 'ஓவர்ஃபுல்' என்ற மூன்று சொற்களையும் தேடிவிடுங்கள்.